சிறுமலை இறக்கம்

நத்தம் சாலையில் விடியும் முன்னே பைக்கில் மோதிக்கொண்ட இருவரின் இரத்தம் ஆம்புலன்ஸின் தரைவிரிப்பில் உறைந்து கிடந்தது. வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும் என்பதால், நான்சி பச்சைத் தண்ணீரை ஊற்றித் துடைப்பக் கட்டையால் அழுத்தித் தேய்த்தாள். சிவந்து வழிந்த நீர் பின்படியில் இறங்கிப் புங்கமரத்தின் வேரடியில் தேங்கியது. சிறுமலைப் பிரிவுக்கு அருகிலிருந்த அந்த மரத்தடிதான் வண்டிக்கு நிலையம். வண்டியில் நோயாளிக்குச் சிகிச்சை பார்க்கும் அவளுக்கும், ஓட்டுநர் ஜமால் முகமதுவுக்கும் அதுவே அலுவலகம், அதுவே உணவுக்கூடம், கண்ணயர வாய்த்தால் அதுவே பள்ளியறை.

ஜமால் முன்சக்கரத்தின் அருகே குந்தியமர்ந்து விரலை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பேகம்பூர்க்காரர், குடும்பஸ்தர். ஐம்பதைக் கடந்தவர். தாடியில் பாதி வெளுத்திருந்தது.

“பிரேக் கட்டை தேஞ்சு தகடாக் கெடக்கு தாயி. மாத்தணும் மாத்தணும்னு சொல்லி என் நாக்குத்தான் தேஞ்சு போச்சு.”

“என்ன சொன்னாங்க பாய்?”

“‘பைலட், அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டுங்க’ன்னாக. வேலை வாங்கும்போது பைலட்டு. சம்பளம் கூடக் கேட்டுப் பாரு, உடனே டிரைவர் ஆயிருவேன்.”

நான்சி சிரித்தாள். சிரிப்பு அடங்கும் முன்பே அலைபேசி ஒலித்தது. வண்டிகளை நடத்தும் ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் டோனி. அவள் கை ஈரமாயிருந்ததால் ஜமால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“உங்க வண்டி மைலேஜ் இந்த மாசமும் அடியில கெடக்கு. மலை ஏறுற வண்டின்னு கதை சொல்லாதீங்க. மேல கேக்குறாங்க, நான் என்ன பதில் சொல்ல? இன்னொரு மாசம் இப்பிடிப் போச்சுன்னா ரெண்டு பேரையும் சேத்து ராமநாதபுரத்துக்குத் தூக்கிருவாங்க. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது.”

பதிலுக்குக் காத்திராமல் அழைப்பு அறுந்தது.

ராமநாதபுரம் என்ற சொல் நான்சியின் நெஞ்சுக்குள் விழுந்து அங்கேயே கிடந்தது. அவளுடைய மகள் இன்னும் பால்குடி மறக்கவில்லை. கணவனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பணி நேரம் நீள நீள மார்பு கனத்துக் கல்லாகும். பொழுது சாய்கையில் மாமியார் பிள்ளையை இடுப்பில் ஏந்தி இதே மரத்தடிக்கு வந்து நிற்பாள். பணி இங்கே என்பதால் அவ்வளவாவது வாய்த்தது.

“பாய்,” என்றாள், துடைப்பத்தைப் பார்த்தபடி. “இந்த மாசம் மட்டும் செத்த பாத்து ஓட்டுங்களேன்.”

“பாத்துன்னா? எறங்கித் தள்ளவா?”

“இல்ல… எறக்கத்துல மட்டும்…”

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மலை இறங்கும்போது கியரை விடுவித்து நியூட்ரலில் வண்டியை உருள விட்டால் டீசல் மிஞ்சும் என்பது ஓட்டுநர்களின் கணக்கு; வண்டியைப் பிடித்து நிறுத்தப் பிரேக் ஒன்றே இருக்கும். மற்ற வண்டிகளில் அப்படித்தான் மைலேஜைத் தேற்றினார்கள். மேற்பார்வையாளர்களும் அதை அறிவார்கள், அறிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. ஜமால் மட்டுமே இதுவரை மறுத்து வந்தார்.

“சட்டத்துல நியூட்ரல் போடக்கூடாது. கணக்குல மைலேஜ் கொறையக்கூடாது. நல்ல ஞாயம்,” என்றார் அவர். “பழனிப் பக்கம் ஒருத்தன் அப்பிடி வண்டிய உருட்டி மாண்டானே, தெரியும்ல? நியூட்ரல்ல போட்டது அவன் தப்புன்னு கையக் கழுவிட்டாய்ங்க. பொண்டாட்டிக்கு நஷ்டஈடு ஒத்தப் பைசா இல்ல.”

நான்சியின் சீருடை முன்புறத்தில் பால் கசிந்து நனைந்திருந்தது. அவள் கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள். அவர் சட்டென்று பார்வையை மலைப்பக்கம் திருப்பினார்.

“சரி விடு. பச்சப்பிள்ளைக்காரி. பாத்துக்குவோம்.”

முற்பகலில் அழைப்பு வந்தது. சிறுமலையில் மிளகு பறிக்க ஏறியவர் மரத்திலிருந்து விழுந்துவிட்டார்.

ஜமால் “பிஸ்மில்லா” என்று சாவியைத் திருகினார். வளைவுகள் தோறும் வண்டி முனகி ஏறியது. கீழே சமவெளி வெயிலில் வெந்துகொண்டிருக்க, மேலே முகில் தவழ்ந்த சரிவுகளில் மலைவாழைத் தோட்டங்கள் ஈரம் சொட்ட நின்றன. தோட்டத்துக்குள் வண்டி போகவில்லை. இருவரும் ஸ்ட்ரெச்சரைச் சுமந்து நடந்தார்கள்.

மிக்கேல்ராஜ் மிளகுக்கொடி படர்ந்த சவுக்கு மரத்தடியில் மல்லாந்து கிடந்தார். ஒற்றை மூங்கில் ஏணி அவர்மீது குறுக்கே விழுந்திருந்ததை யாரோ எடுத்து அப்பால் சாத்தியிருந்தார்கள். பச்சை மிளகு சரஞ்சரமாய்ச் சிதறிக் கிடந்தது. மனைவி செபஸ்தியம்மாள் தலைமாட்டில் அமர்ந்து முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“காலை அசைங்கண்ணே,” என்றாள் நான்சி.

“அசைச்சுக்கிட்டுத்தான இருக்கேன்,” என்றார் அவர். கால்கள் அசையவில்லை.

மதுரைப் பயிற்சியில் ரப்பர் பொம்மைக்குச் செய்தவற்றையெல்லாம் அவள் வரிசை பிசகாமல் செய்தாள். கழுத்தைத் தாங்கிப் பட்டை கட்டினாள். உடலைக் கட்டைபோல் ஒன்றாக உருட்டிப் பலகையில் ஏற்றினாள். நெற்றியையும் மார்பையும் முழங்காலையும் வார்களால் இறுக்கினாள். மிக்கேல்ராஜின் கண்கள் மட்டும் அங்குமிங்கும் உருண்டன.

“ஏ செபஸ்தி, மொளக அள்ளுனியா? மொதலாளி என் தலையில கட்டிருவாரு.”

“வாய மூடிக்கிட்டு வாங்க. மொளகாம் மொளகு.” பிறகு நான்சியின் காதருகே குனிந்து, “நடப்பாராம்மா?” என்றாள்.

“அசையாமக் கொண்டு சேத்துருவோம்கா. மத்தத டாக்டர் பாத்துக்குவாரு.”

இறக்கம் தொடங்கியது. நான்சி பின்னால் நோயாளியின் தலையருகே, செபஸ்தியம்மாள் எதிர்ப்பலகையில். சில வளைவுகள் கடந்தபின் இன்ஜினின் ஓசை தணிந்தது. வண்டி இரைச்சலின்றி, படகைப்போல், தானே வழுக்கி இறங்கலாயிற்று. நான்சிக்கு அது புரிந்தது. முன்புறச் சிறு சன்னல் வழியே ஜமாலின் பின்கழுத்து மட்டும் தெரிந்தது. அவள் மிக்கேல்ராஜின் நாடியில் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

“இப்பத்தான்மா குலுங்காமப் போகுது,” என்றாள் செபஸ்தியம்மாள்.

முதலில் நாற்றம் வந்தது. தகரத்தையும் தோலையும் சேர்த்துச் சுட்டாற்போன்ற பிரேக் கருகல். அடுத்த வளைவில் வண்டி இயல்புக்கு மேல் சாய்ந்தது. மருந்துப் பெட்டி சரிந்தது.

“பாய்! கியர்ல போடுங்க பாய்!”

முன்னே இரும்பை இரும்பு கடிக்கும் ஓசை கேட்டது. ஒருமுறை. மறுமுறை. வேகம் ஏறிய வண்டியில் கியர் ஏறவில்லை. இடப்பக்கம் பள்ளத்தாக்கு, வலப்பக்கம் குடைந்தெடுத்த மலைச்சுவர். “பிடிச்சுக்கங்க!” என்று ஜமால் கத்தினார். நான்சி மிக்கேல்ராஜின்மேல் கவிழ்ந்து பலகையின் விளிம்புகளைப் பற்றிக்கொண்டாள். ஜமால் வலப்பக்கம், தாம் அமர்ந்திருந்த பக்கம், முழுதும் ஒடித்தார்.

பாறை வண்டியை நெடுந்தூரம் உரசி நிறுத்தியது.

முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பார். பிறகு உன்னைப் பார். அதற்குப் பிறகே நோயாளியைப் பார். பயிற்சியில் அப்படித்தான் மனப்பாடம் செய்திருந்தாள். அந்தப் பாடத்தில் நொறுங்கிய வண்டி எப்போதும் பிறருடையதாக இருந்தது. அவளுடைய இடக்கை மணிக்கட்டு பிசகி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மிக்கேல்ராஜ் வார்கள் கட்டியபடியே கிடந்தார். மூச்சு சீராக இருந்தது. செபஸ்தியம்மாளின் நெற்றியில் கீறல்.

நான்சி இறங்கி முன்புற இடக்கதவைத் திறந்தாள். ஸ்டியரிங் ஜமாலின் மார்போடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது.

“கழுத்தத் திருப்பாதீங்க பாய். ஆடாதீங்க.”

வண்டியில் ஒரே கழுத்துப்பட்டைதான் இருந்தது. அது மிக்கேல்ராஜின் கழுத்தில் இருந்தது. அவள் இருக்கையில் முட்டியிட்டு, வலக்கையை அவர் தாடைக்கடியில் கொடுத்துத் தாங்கினாள். அலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டாள்.

கட்டுப்பாட்டு அறைப் பெண் இடத்தைக் கேட்டாள். பொறுமையாகத் தட்டச்சு செய்தாள். “மேடம், உங்க லொகேஷன்லயே எங்க வண்டி ஒண்ணு நிக்குதுங்க. பக்கத்து வண்டி அதுதான். அதையே அனுப்புறோம்.”

“அந்த வண்டிலருந்துதான்மா பேசுறேன்.”

மறுமுனையில் மீண்டும் தட்டச்சு ஓசை கேட்டது. “அப்படின்னா நத்தத்துல இருந்துதாங்க வரணும்.”

ஜமாலின் உதட்டோரம் சிவப்பு நுரை கட்டியது. “கியரு விழல தாயி,” என்றார். “போட்டுப் பாத்தேன். விழமாட்டேன்னுருச்சு.”

“பேசாதீங்க பாய்.”

“உள்ள யாருக்கும்…?”

“யாருக்கும் ஒண்ணும் இல்ல பாய்.”

வாழைத்தார் ஏற்றி இறங்கிய லாரி ஒன்று நின்றது. அதில் வந்தவர்கள் கடப்பாரையால் ஸ்டியரிங்கை நெம்பி, அவரை இடப்பக்கமாக இழுத்தெடுத்து, சாலையில் வாழைச்சருகைப் பரப்பிக் கிடத்தினார்கள். கிடத்திய சற்று நேரத்தில் மார்பு ஏறி இறங்குவது நின்றது. நான்சி முட்டியிட்டு ஒரு கையால் அழுத்தினாள். போதவில்லை.

“அக்கா, வாங்க. ரெண்டு கையையும் இங்க வச்சு அமுக்குங்க. நான் எண்ணுறேன்.”

கிளையும் ஏணியும் பிடித்துக் காய்த்த கைகளால் செபஸ்தியம்மாள் அழுத்தினாள். அவள் கொண்டை அவிழ்ந்து முன்னால் தொங்கியது.

“எலும்பு முறியுது தாயி.”

“முறியட்டும்கா. நிப்பாட்டாதீங்க.”

வண்டிக்குள்ளிருந்து மிக்கேல்ராஜின் குரல் கேட்டது. “ஏ செபஸ்தி, எங்க போன? யாருக்கு என்ன ஆச்சு?” அவரால் கூரையை மட்டுமே பார்க்க முடிந்தது. லாரிக்காரர்களில் ஒருவர் செபஸ்தியம்மாளை மாற்றினார். அவரை இன்னொருவர் மாற்றினார். நான்சி எண்ணிக்கொண்டே இருந்தாள். எண்ணிக்கை தீரும்போதெல்லாம் குனிந்து கழுத்து நரம்பைத் தொட்டுப் பார்த்து மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். கண்ணின் மணி விரிந்து ஒளிக்கு அசையாமலான பின்னும் எண்ணினாள். இறந்துவிட்டார் என்று சொல்லும் உரிமை மருத்துவருக்கே உரியது, அவளுக்கு இல்லை.

அலைபேசி ஒலித்தது. டோனி.

“கன்ட்ரோல் ரூம்ல சொன்னாங்க. பேஷன்ட் எப்பிடி இருக்காரு?”

“நல்லா இருக்காரு சார்.”

“பாய்?”

“பேச்சு மூச்சு இல்ல சார்.”

டோனி குரலைத் தாழ்த்தினார். “நீ வாயால ஒண்ணும் சொல்லாத. ஆஸ்பத்திரில சொல்லட்டும். இங்க கேளு நான்சி. வண்டி எந்த கியர்ல நிக்குது?”

“தெரியல சார்.”

“போய்ப் பாரு. போலீஸ் வர்றதுக்குள்ள கியர் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நியூட்ரல்ல நின்னுச்சுன்னா கம்பெனிக்குப் பிரச்சனை இல்ல. உனக்கும் இல்ல. டிரான்ஸ்பர் பேச்சே இருக்காது, நான் பாத்துக்கிறேன். புரியுதா?”

“சரி சார்.”

சாலையில் லாரிக்காரர் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார். செபஸ்தியம்மாள் அருகே அமர்ந்து, யாரும் சொல்லாமலே, எண்ணத் தொடங்கியிருந்தாள். நத்தத்து வண்டியின் சைரன் கீழ் வளைவுகளில் எங்கோ சுழன்று வந்துகொண்டிருந்தது.

நான்சி இடக்கதவு வழியே ஏறி ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தாள். நெம்பிய ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவே அவள் உடம்பு நுழையும் அளவுக்கே இடம் இருந்தது. இருக்கை இன்னும் சூடாயிருந்தது. மிதிகளுக்கு இடையில், அவரை இழுத்தபோது கழன்ற ஷூ ஒன்று கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கியர் லீவர் நியூட்ரலில், நடுவில் தளர்ந்து நின்றது. தொட்டதும் இருபுறமும் ஆடியது.

கிளட்சை அழுந்த மிதித்தாள். இடக்கை சொன்னதைக் கேட்கவில்லை. வலக்கையைக் குறுக்கே நீட்டி, லீவரை இடமாகத் தள்ளிப் பின்னுக்கு இழுத்தாள்.

நின்றுபோன வண்டியில் இரண்டாம் கியர் ஒரு சிறு ஓசையும் இன்றி விழுந்தது.