மீதி ஒரு டிஸ்க்

அண்ணனின் தலைக்குக் கீழே துணியைச் சரிசெய்துகொண்டிருந்த தங்கையை, வாசலில் நின்றபடியே விரலை ஆட்டிக் கூப்பிட்டார் அவனுடைய ஆபீஸ் மேனேஜர். என்ன ஆயிற்று என்று ஒப்புக்குக்கூடக் கேட்கவில்லை.

"உங்கண்ணன் வேலைய அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டாரும்மா. ஒரு வாரக் கணக்கு மொத்தமும் காணோம். ஆபீஸே நிக்குது."

உறவுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான் என்ற தைரியம்தானே!

அவளுக்கும் வேறொரு கம்பெனியில் இதே கம்ப்யூட்டர் பார்க்கிற பிழைப்புதான். ஒரே டிஸ்க்கில் ஓடிய ஆபீஸ் கம்ப்யூட்டரை, ஒன்று போனாலும் மற்றது கைகொடுக்கும்படி இரட்டை டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டிருந்தான் அண்ணன். ஒரு வாரத்துக்கு முன்பு எல்லாவற்றையும் புது டிஸ்க்கில் ஏற்றி, அதிலேயே ஓடவிட்டு, பழையதைக் கழற்றி வைத்திருந்தான். புதுசு ஒழுங்காக ஓடினால்தான் பழையதை அழித்து ஜோடி சேர்க்கலாம். "நான் வர்ற வரைக்கும் பழச மாட்டாதீங்க சார்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்க வாங்க அவன் போனில் கெஞ்சியதை அவள் பக்கத்தில் இருந்து கேட்டாள். அப்போதும் இந்த மனுஷன், எப்போது முடிப்பாய் என்றுதான் கேட்டார்.

"பழைய டிஸ்க்க மாட்டினீங்களா?"

"சும்மாதான கெடக்குன்னு மாட்டச் சொன்னேன். இப்ப ரெண்டையும் ஜோடி சேக்கப் போறாங்க."

அப்படியென்றால் கம்ப்யூட்டர் பழைய டிஸ்க்கிலிருந்து ஓட ஆரம்பித்திருக்கிறது. அதில் அந்த ஒரு வாரக் கணக்கு எப்படி இருக்கும்? அதையே புதுசின் மேல் ஏற்றினால் நிஜமாகவே எல்லாம் போய்விடும். நாசமாகப் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் பழி அண்ணன் தலையில்தான் விழும்.

"ஆபீஸுக்குப் போன் போடுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

போட்டார்.

"எதையும் சேக்காதீங்க. பழசக் கழட்டிட்டு, புதுசு மட்டும் வச்சு ஓட்டுங்க."

கொஞ்ச நேரம் கழித்துப் போனில் குரல் வந்தது. "வந்துருச்சுங்க. எல்லாம் அப்படியே இருக்கு."

"இப்ப சொல்லுங்க சார். கெடுத்தது யாரு?"

மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். "சரி, அத விடும்மா. மீதி ஒரு டிஸ்க் இருக்கே, நாளைக்கு நீயே வந்து சேத்துக் குடுத்துடேன்."

அவள் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அண்ணனின் தலைமாட்டில் போட்டாள்.

"உக்காருங்க சார். அவன்கிட்டயே கேளுங்க."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் உள்ளே வர வேண்டியதாயிற்று. அழுது ஓய்ந்து கிடந்த அம்மாவின் காதில் இது எதுவும் விழுந்திருக்கவில்லை. ஆபீஸிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று மட்டும் புரிந்துகொண்டு, மகனின் முகம் அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.