இடது கை பிரேக்

செத்துப்போன கணவனின் சைக்கிளை ஒரு நாள் ஓட்டத் தர முடியுமா என்று ரேஸ் டீம் முதலாளி ஆளனுப்பிக் கேட்டபோது, பல் டாக்டர் ஒரு நொடிகூட யோசிக்காமல் தருகிறேன் என்றாள். கேட்க வந்த தலைமை மெக்கானிக்தான் தடுமாறிப்போனார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக வந்த மனிதர் அவர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த நோயாளிகளுக்கு நடுவே தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார்.

"நெஜமாவா அண்ணி?"

"ஏன், உங்க முதலாளி ஓட்டினா தேஞ்சா போயிடும்?"

"இல்ல, அண்ணன் நினைவு நாளுக்கு முதலாளி சைக்கிள் ஊர்வலம் வைக்கிறாரு. டிவிக்காரங்க எல்லாம் வர்றாங்க. அண்ணனோட சைக்கிள்லயே முன்னாடி போகணும்னு முதலாளிக்கு ஆசை."

"ஆசைப்படட்டும். ஞாயித்துக்கிழமை நானே கொண்டுவரேன்."

மெக்கானிக் தலையாட்டினார், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வருடமாகவே அவர் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. காரணம் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

அவள் கணவன் கார் ரேஸில் சம்பளம் வாங்கிய ஓட்டுநர். சோறு போட்டது கார். மனசு முழுக்க சைக்கிள். ரேஸ் வட்டாரத்தில் அவனுக்கு வைத்த பட்டப்பெயரே 'ரெண்டு சக்கரம்'தான். அடுத்த ஊரில் போட்டி என்றால் டீம் பஸ்ஸில் போகும், இவன் விடியுமுன் கிளம்பி மிதித்துக்கொண்டே போவான். பஸ்ஸைக் கண்டால் கையாட்டுவான். படுக்கையறையில் சுவரோரமாகச் சைக்கிளை நிறுத்தி வைத்திருந்தான். கல்யாணமான புதிதில், "எங்க ரெண்டு பேர்ல யாரையாவது ஒருத்தரை வெளியே படுக்கச் சொல்லுங்க" என்று அவள் சொன்னதற்கு, கொஞ்சநேரம் நிஜமாகவே யோசித்த புண்ணியவான். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

அந்தச் சைக்கிளில் ஒரு சங்கதி உண்டு. ஊரிலுள்ள சைக்கிள்களில் வலது கைப் பிரேக் முன் சக்கரத்தையும் இடது கைப் பிரேக் பின் சக்கரத்தையும் பிடிக்கும். இவன் சைக்கிளில் தலைகீழ். ரேஸ் காரில் பிரேக்கை இடது காலால்தான் மிதிப்பார்கள். வருடக்கணக்காக மிதித்து மிதித்து, நிறுத்துவது என்றாலே அவனுக்கு உடம்பின் இடது பக்கம்தான் வேலை செய்யும். அதனால் கம்பிகளை மாற்றிக் கட்டியிருந்தான். தெரியாமல் அவள் ஒருநாள் ஏறிப்போய், வழக்கம்போல இடது கையை அழுத்தி, ஹேண்டிலைத் தாண்டி மண்ணில் போய் விழுந்தாள். அன்றிலிருந்து தெரியும். முதலாளிக்குத் தெரியாது. முதலாளி சைக்கிள் ஓட்டும் லட்சணத்தையும் அவள் பார்த்திருக்கிறாள். முன் பிரேக்கைத் தொடவே பயம். இறக்கத்தில் இடது கையை மட்டும் உயிர்போக இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவார்.

அந்த மனுஷனை அவள் மன்னிப்பதற்கில்லை. பயிற்சி ஓட்டத்தின்போது அவள் கணவன் ரேடியோவில் சொன்னான், பிரேக்கை மிதித்தால் பிடிக்காமல் தரை வரைக்கும் போகிறது என்று. "காலைல அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிச்சா கால் செத்துத்தான் போகும். வண்டில ஒண்ணுமில்ல, ஓட்டு" என்றார் முதலாளி. அவன் ஓட்டினான். அடுத்த வளைவில் சுவரில் போய் மோதினான்.

இதை அவளிடம் சொன்னது தலைமை மெக்கானிக்தான். சாவு வீட்டில், சமையலறை மூலையில், தேம்பித் தேம்பிச் சொன்னார். அதே மனிதர் விசாரணையில், சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்றார். முதலாளியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையனுக்குச் சைக்கிள் பைத்தியம், கால் அசந்துபோய் பிரேக்கைச் சரியாக மிதிக்கவில்லை என்றார். பத்திரிகைகள் அதையே எழுதின. அவனைப் பெற்ற மாமியாரே, "அந்தச் சனியன் பிடிச்ச சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுடும்மா" என்று சொல்லிவிட்டாள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. ஆளையும் கொன்று, ஆசை வைத்த பொருள்மேல் பழியையும் போட்டாகிவிட்டது.

எனவே அவள் வாயைத் திறப்பதாக இல்லை. கேட்டதைக் கேட்டபடி கொடுப்பது, அவ்வளவுதான். மேம்பாலத்தின் உச்சியிலிருந்து ஊர்வலம் இறங்கும். இடது கை இறுகும். மீதியைச் சைக்கிள் பார்த்துக்கொள்ளும். அந்த வாரம் முழுக்க அவள் கறுவிக்கொண்டே பல் பிடுங்கினாள். வலிக்கிறதா என்று நோயாளியிடம் கேட்கும்போதுகூட மனசு மேம்பாலத்தில்தான் இருந்தது. இது பாவமில்லையா என்று ஒருமுறை தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை என்றுதான் பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேம்பாலத்தில் கூட்டம். முதலாளி செத்தவனின் முகம் அச்சடித்த பனியனைத் தொப்பைமேல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அவள் கணவனின் மூக்கு கோணிக்கொண்டு நின்றது. மைக்கைப் பிடித்தார்.

"அவன் எனக்குத் தம்பி மாதிரி. இந்தச் சைக்கிள்தான் அவனை நம்மகிட்ட இருந்து பிரிச்சுது. ஆனாலும் நான் இதை மன்னிச்சுட்டேன். அதனாலதான் இன்னைக்கு இதுமேல ஏறுறேன்."

கைதட்டினார்கள். ஒரு அம்மாள் அழவே செய்தாள்.

மன்னித்துவிட்டாராம். அவளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. அந்த எரிச்சலில்தான் தன் கணக்கில் இருந்த ஓட்டையும் தெரிந்தது. இப்போது இவர் விழுந்தால் நாளைக்கு என்ன எழுதுவார்கள்? அந்தச் சைக்கிள் இன்னொருத்தரையும் காவு கேட்டது என்று எழுதுவார்கள். மறுபடியும் பழி சைக்கிள் தலையில்தான் விடியும். இவர் அனுதாபத்தில் இன்னும் இரண்டு சுற்றுப் பெருப்பார்.

அவள் நேராகப் போய் டிவிக்காரப் பெண் நீட்டிக்கொண்டிருந்த மைக்கின் முன்னால் நின்றாள்.

"சார், ஒரு விஷயம். இதுல பிரேக் மாத்திக் கட்டியிருக்கு. இடது கைதான் முன் சக்கரம். இறக்கத்துல இடது கையை இறுக்கிப் பிடிச்சீங்கன்னா தூக்கிப் போட்டுடும். வேற சைக்கிள் எடுத்துக்கோங்க."

பரிவு ஒன்றும் இல்லை அதில். அந்தக் காதை அவளுக்குத் தெரியும். பிரேக்கைப் பற்றி யார் சொன்னாலும் ஏறாத காது.

முதலாளி அவள் தோளைத் தட்டினார். "தங்கச்சி, நான் தொட்டில்ல இருந்தே ரேஸ் பார்த்தவன். எனக்கு நீ பிரேக் சொல்லித் தர்றியா? வண்டில ஒண்ணுமில்லம்மா." கூட்டம் சிரித்தது. ஓரமாக நின்ற மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

விசில் ஊதினார்கள். முதலாளி கேமராவைப் பார்த்துக் கையாட்டியபடி இறங்கினார். வேகம் கூடியது. கை தன்னால் இறுகியது. பின் சக்கரம் மேலே எழும்பியது தெரிந்தது. ஆள் எப்போது தரையில் கிடந்தார் என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

தலைக்கவசம் தலையைக் காப்பாற்றியது. தோள் பிசகியிருந்தது. முன் பல் ஒன்று வேரோடு கழன்று, நடைபாதையோரம் முழுசாகக் கிடந்தது. அவள்தான் எடுத்தாள்.

"பிரேக்தான் தப்பு," என்று முதலாளி ரத்தத்தோடு கத்தினார். "என் மேல தப்பில்ல. வண்டில பிரேக் தப்பா இருக்கு."

"அவங்க முன்னாடியே சொன்னாங்களே சார்," என்றாள் டிவிக்காரப் பெண். "சொல்லியும் ஏன் ஓட்டினீங்க?"

முதலாளி பிசகிய தோளைப் பிடித்துக்கொண்டு மைக்கை விட்டு முகத்தைத் திருப்பினார். பதில் வந்தது மெக்கானிக்கிடமிருந்து.

"அவரு அப்படித்தாம்மா," என்றார். தொப்பி கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "இவங்க வீட்டுக்காரர், நம்ம ரெண்டு சக்கரமும் அன்னைக்கு சொன்னாரு. பிரேக் தரை வரைக்கும் போகுதுன்னு ரேடியோல சொன்னாரு. என் காதால கேட்டேன். வண்டில ஒண்ணுமில்ல, ஓட்டுன்னு இவருதான் சொன்னாரு. நான் வேலை போயிடும்னு பொய் சொல்லிட்டேன்."

எல்லா மைக்குகளும் அவர் பக்கம் திரும்பின. முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். சொன்னார். பிந்தி வந்த சேனல்காரர்களுக்காக மறுபடியும் சொன்னார்.

பல் டாக்டர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கழன்ற பல்லைச் சும்மா கழுவி அந்தப் பள்ளத்திலேயே உடனே வைத்தால் பிடித்துக்கொள்ளும். முடியாவிட்டால் பாலிலாவது போட வேண்டும். காய்ந்த துணியில் மட்டும் சுற்றவே கூடாது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அவள் பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடம் இது. அவள் பல்லைக் காய்ந்த கைக்குட்டையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, மெக்கானிக் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. பல நாளைக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஆம்புலன்ஸ் நெரிசலில் தத்தளித்து வந்து சேர்ந்தபோது முதலாளியின் குரல் அடங்கிப்போயிருந்தது. யாரோ அவரிடம் பல்லைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

"தங்கச்சி, நீ டாக்டர்தானே. திரும்ப வெச்சா ஒட்டுமாமே. வெச்சு விடும்மா."

அவள் கைக்குட்டையைப் பிரித்துப் பல்லை வெளிச்சத்தில் பார்த்தாள். டிவிக்காரப் பெண் மைக்கோடு பக்கத்தில் வந்து நின்றாள். அவள் அதை விலக்கவில்லை.

"இனிமே ஒட்டாது சார். விழுந்த உடனே வெச்சிருந்தா ஒட்டியிருக்கும். தெரிஞ்சேதான் வைக்கல. அது என் தப்பு, வேற யார் மேலயும் பழி போட மாட்டேன்."