அன்றில்கள் எழுந்த காலை

நாணற்பரப்பு முழுவதும் ஒரே நொடியில் வானேறியது. துடுப்பை நீரில் ஊன்றியபடி நிரஞ்சலா அண்ணாந்தாள். ஆயிரக்கணக்கான அன்றில்கள், வளைந்த அலகும் வைக்கோல்போல் இறகு தொங்கும் கழுத்துமாக, கூடுகளைத் திறந்து போட்டுவிட்டு மேலே சுழன்றன. அவற்றின் நடுவே ட்ரோன் ஒன்று இரைந்தது.

வசந்தங்கள் பல வறண்டே கழிந்த மாநிலத்தின் இந்த வடவெல்லை ஆறு இவ்வாண்டுதான் கரை புரண்டு காட்டுக்குள் புகுந்திருந்தது. நீர் நின்றால்தான் அன்றில் வரும். வந்தாலும், கலைந்தால் முட்டையையும் குஞ்சையும் துறந்து கூட்டமாகவே போய்விடும். ஆகவே கூடுகளைக் கணக்கெடுக்கும் தொண்டர்கள் இடத்தை எவருக்கும் சொல்வதில்லை. அவர்களில் ஒருத்தி; தொலைவில் நகரப்புறமான நோபல் பார்க்கிலிருந்து தனியே வந்து போகிறவள் என்பதால், ஆபத்துக்கு உதவட்டும் என்று கணவன் றமேஸிடம் மட்டும் நிரஞ்சலா சொல்லி வைத்திருந்தாள்.

கரையில் நின்றவன் றமேஸ்தான். அருகே அவனுடைய அக்கா மகள் டில்ஷா, பட்டுத் தாவணியில், கையில் ஊதாப் புகை கக்கும் குழலோடு. பூப்படைந்த அவளுக்கு அடுத்த சனிக்கிழமை சாமத்திய வீடு. மண்டபத் திரையில் ஓடவேண்டிய வீடியோ தாய்மாமனின் பொறுப்பு.

தோணியைச் சேற்றில் ஏற்றிவிட்டு நிரஞ்சலா இறங்கினாள். "இறக்குங்கோ அதை."

"ரெண்டே ரெண்டு ஷொட் அக்கா," என்றான் வீடியோக்காரன் பிரதீப்குமார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "பறவையள் எழும்பினதுதான் ஹைலைட்டே."

"இப்ப இறக்காட்டி துடுப்பாலை அடிச்சு விழுத்துவன்."

அவன் இறக்கினான். றமேஸ் சிரிக்கப் பார்த்தான். "சிட்னியிலை குப்பைத்தொட்டி கிண்டுற சாமான்தானே நிரா. உதுக்கோ பிள்ளையின்ரை நாளைக் குழப்புறீர்?"

இங்கே உரத்த சொல் ஒவ்வொன்றும் பறவைகளுக்கு இன்னொரு ட்ரோன். பெண்ணொருத்தி வளர்ந்ததைக் கொண்டாட வந்தவர்களின் கண்ணெதிரே முதல் அண்டங்காக்கை இறங்கி, இறகு முளையாத குஞ்சொன்றைக் கழுத்தில் கவ்வி எடுத்தது. டில்ஷாவின் கைக்குழலைப் பிடுங்கி நிரஞ்சலா சேற்றில் அழுத்தினாள்.

"எல்லாரும் நிலத்திலை இருங்கோ. ஒருத்தரும் கதைக்கப்படாது. காரும் எடுக்கப்படாது."

"எவ்வளவு நேரத்துக்கு?" என்றான் றமேஸ்.

"அதுகள் இறங்கும் வரைக்கும்."

"பின்னேரம் காசு வாங்க மண்டபக்காரன் பாத்துக்கொண்டு நிப்பான்."

"நிக்கட்டும்."

வெள்ளை வேட்டியோடு அவன் ஈரமண்ணில் அமர்ந்தான். அவள் பக்கம் கையை நீட்டினான்; அவள் தன் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். காக்கைகள் ஏழெட்டாகிவிட்டன. எழுந்து விரட்டவும் வழியில்லை. விரட்டினால் மேலே சுழல்பவை இன்னும் விலகும்.

"மாமி," என்றாள் டில்ஷா, மேலே பார்த்தபடி. "வில் தே கம் பாக்?"

"தெரியாது."

வெகுநேரம் கழித்துச் சுழலிலிருந்து ஒன்று மட்டும் பிரிந்தது. கால்களைத் தொங்கவிட்டு இறங்கி, காக்கை கொத்திக்கொண்டிருந்த கூட்டுக்கு அடுத்த கூட்டின் விளிம்பில் நின்றது. உள்ளே அமரவில்லை. கழுத்தை நீட்டி, கரையிலிருந்த நால்வரையும் பார்த்தபடியே நின்றது.