கிளாரியின் துப்பாக்கியில் அப்பாவின் போல்ட்

துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கும் எங்கள் ஊர் லித்கோவில் பழைய ராணுவத் துப்பாக்கியை யார் என் மேசையில் வைத்தாலும் முதலில் ஆளைத்தான் சந்தேகிப்பேன், துப்பாக்கியைப் பிறகு. வருகிற அத்தனை பேரும் அது முதல் உலகப் போரில் கலிப்போலிச் சண்டைக்குப் போனது என்பார்கள். புளுகு!

பழைய துப்பாக்கிகளை நான் மதிப்பிட்டுச் சொல்லும் அன்றைய கண்காட்சிக்கு வந்த வெர்னாவும் அதையேதான் சொன்னாள்.

"எங்கப்பாவோடது. கலிப்போலி போயிட்டு வந்ததாம்."

"யார் விட்ட கதை? கட்டை வெளுத்த மரம், ரெண்டாவது போர்ல வந்தது. இந்தா, நம்மூர்த் தொழிற்சாலை முத்திரை, 1942. கலிப்போலியாம், கலிப்போலி!"

"அடேங்கப்பா, கண்ணா அது?" என்று சிரித்தாள்.

எண்களைப் பார்த்தேன். துப்பாக்கி உடம்பிலும், தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும்; இதில் உடம்பில் ஓர் எண், போல்ட்டில் வேறு எண். இரண்டுமே எனக்கு மனப்பாடம். போல்ட்டில் இருந்தது என் அப்பா லெஸ் குயிக்லியின் துப்பாக்கி எண். உடம்பில் இருந்த எண், எங்கள் வீட்டுத் துப்பாக்கியின் போல்ட்டில் இருக்கிறது.

"உங்கப்பா பேரென்ன?"

"கிளாரி பாஸ்கோ."

நாற்பது வருடத்துக்கு முன் துப்பாக்கிச் சங்கக் கோப்பையை ஜெயித்துவிட்டு ஊரைவிட்டே போனவர் கிளாரி. போல்ட் சரியாக உட்காராவிட்டால் குறி தப்பும். அப்பாவுக்கு அன்று தப்பியது. "கிளாரி என் போல்ட்டை மாத்திட்டான்" என்று சாகும்வரை சாப்பாட்டு மேசையில் புலம்பினார். நிரூபிக்கத்தான் வழியில்லை. இப்போது கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

"உங்கப்பா திருடன்!" என்று கத்தினேன். "அந்தக் கோப்பை எங்கப்பாவோடது. ஊரறியச் சொல்லிட்டுக் குடுத்துட்டுப் போங்க."

வெர்னா கோபப்படவில்லை.

"நீங்க லெஸ்ஸோட பொண்ணா?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"போட்டிக்கு முந்தின நாளே எல்லாத் துப்பாக்கியையும் சங்கப் பெட்டியில வெச்சுப் பூட்டியாச்சு. காலையில வெளிய எடுத்ததும் நேரா போட்டிதான். அந்தச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

போல்ட்டில் இருந்த எண்ணை மறுபடி பார்த்தேன்.

"எங்கப்பா தோக்கணும்னு யார் போல்ட்டை மாத்தினாங்கன்னு அவருக்கு அன்னிக்கே தெரியும். 'நான் வாயத் தெறந்தா லெஸ்ஸோட பொண்ணுதான் தலைகுனியும்'னு சொல்லிட்டு எங்களக் கூட்டிட்டுக் கிளம்பிட்டார்."

சங்கத்தின் ஒரே சாவி அப்பாவின் இடுப்பில்தான் தொங்கும். அந்தச் சத்தம் கேட்டே நான் வளர்ந்தேன். ஊரில் ஒருத்தரை விடாமல் சந்தேகப்பட்டேன், அவரைத் தவிர.