இன்னும் மூன்று சுற்று

என் வீட்டுக்காரருக்குப் பூச்சி மருந்து அடிக்கிற தொழில். கரப்பான், கரையான், மூட்டைப்பூச்சி எல்லாம் தன் பேரைக் கேட்டாலே ஓடும் என்று அவரே பீற்றிக்கொள்வார். அப்படிப்பட்டவர் ரத்தத்திலேயே புற்றுநோய் வந்து குடியேறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்து முதல் சுற்று கீமோ கொடுத்தார்கள். முடி போயிற்று. வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட இறங்கவில்லை. பிறகு இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள்.

"புற்றணு எதுவும் கண்ணுல படல" என்றார் டாக்டரம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஆனா இன்னும் மூணு சுற்று போட்டே ஆகணும். விட்டா திரும்ப வந்துடும்."

மனுஷர் காதில் போட்டுக்கொண்டது முதல் பாதியை மட்டும்தான்.

"அதான் ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சே. இல்லாத நோய்க்கு எதுக்கு மருந்து?"

விடிந்தால் அட்மிட் ஆக வேண்டும். கெஞ்சினேன், கத்தினேன், சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்தேன். அவரோ சோபாவில் சட்டமாக உட்கார்ந்து டிவி பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு ஃபோன். யாரோ ஹோட்டல்காரர். கரப்பானே காணோம், ரெண்டாவது தடவை மருந்தடிக்க ஆள் அனுப்ப வேண்டாம் என்றாராம். இவருக்கு வந்ததே கோபம்!

"கண்ணுல படலைன்னா இல்லைன்னு அர்த்தமா சார்? முட்டையெல்லாம் இடுக்குல கிடக்கும். பாதியில விட்டுட்டு அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க!"

இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் எதிரே போய் நின்றேன். மாட்டினார் மனுஷர்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இப்ப பேசினது யாருங்க? டாக்டரம்மாவா?"

அவர் சிரிக்கவில்லை. டிவியை அணைத்தார்.

"அவங்க சொன்ன அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிடுச்சு. என் தொழிலே அதுதானே."

"அப்புறம் எதுக்கு இந்த அடம்?"

"இன்னொரு தடவை தாங்குவேனான்னு தெரியல. பயமா இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"எனக்கும் பயம்தாங்க. நீங்க போகாம இருந்து, அது திரும்ப வந்துட்டா..."

அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார்.