பிள்ளைகள் தீர்மானம் போட்ட பஸ்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் வார்டு மெம்பர் கமலாத்தாள் போனில் சொன்னது. "சிரிச்சுச் சிரிச்சு வவுறு நோவுதுங்ணா, எழுதிப் போடுங்க" என்றார். ஊர் பாலக்காட்டு எல்லையில், எருத்தேன்பதிப் பக்கம். பேரைக் கேட்காதீர்கள், நான் அங்கேதான் குடியிருக்க வேண்டும்.

முதல் ஆரம்பம்: 'ஜனநாயகத்தின் நாற்றங்கால்களாம் நம் பள்ளிகளில்...'

(அடித்துவிட்டேன். விழா மலருக்கு ஆகும், கதைக்கு ஆகாது.)

2

நடந்தது இதுதான். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைத் தலைவர்களாக்குவதற்குப் பஞ்சாயத்தில் ஒரு பயிற்சி வைத்தார்கள். கடைசி நாள், பிள்ளைகளே நடத்தும் கிராமசபை. தலைவர், பத்தாம் வகுப்பு செல்வப்பிரியா. கமலாத்தாளின் அண்ணன் சின்னையனுடைய மகள். (மெம்பரின் மருமகள் என்பதால்தான் தலைவர் ஆனாள் என்று ஊரில் ஒரு பேச்சு. கதையில் நான் அப்படிச் சொல்லவே மாட்டேன், அதனால்தான் அடைப்புக்குறி.)

நாலு மணிக்குப் போகிற கடைசி பஸ் இனிமேல் ஆறு மணிக்குப் போக வேண்டும் என்று அவள் தீர்மானம் கொண்டுவந்தாள். ஸ்பெஷல் கிளாஸ் முடிய அவ்வளவு நேரம் ஆகிறது. தென்னந்தோப்பு வழியாக இருட்டில் நடந்து வருவதாக இருந்தால் படிப்பைப் பத்தாவதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சின்னையன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பார்க்க வந்திருந்த கமலாத்தாள் உட்பட சபையில் எல்லோரும் கை தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. போட்டோ எடுத்தார்கள், லட்டு கொடுத்தார்கள்.*

மறுநாள் செல்வப்பிரியாவும் தோழிகளும் நாலு மணி பஸ்ஸைப் போகவிட்டு, ஸ்பெஷல் கிளாசை முடித்துக்கொண்டு ஸ்டாப்பில் வந்து நின்றார்கள். தீர்மானம்தான் போட்டாயிற்றே, பஸ் வராமல் எங்கே போகும்? இந்த இடத்தில்தான் கமலாத்தாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான்.

* எனக்கும் ஒன்று வந்தது. முந்திரி கஞ்சம்.

3

வேடிக்கைக் கதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். செல்வப்பிரியாவைக் கொஞ்சம் அசடாகக் காட்டினால் போதும், மீதி தானாக...

(முடியவில்லை. என்ன எழுதினாலும் அந்தப் பெண் அசடாக மாட்டேன் என்கிறாள். பயிற்சியில் சொன்னதை நம்பினவள் அசடு என்றால், சொன்னவர்களை என்னவென்று எழுதுவது?)

இருட்டிக்கொண்டு வரும்போது கமலாத்தாள் ஸ்கூட்டியில் அந்தப் பக்கம் வந்தார். அது சும்மா பழகறதுக்குப் போட்ட தீர்மானம் கண்ணு, பஸ்ஸெல்லாம் வராது, அப்பன் தேடறதுக்குள்ள ஊட்டுல உட்டுடறேன், ஏறு என்றார். செல்வப்பிரியா ஏறவில்லை. மற்ற பிள்ளைகளை யார் கொண்டுபோய் விடுவது?

"சும்மா போட்டதுன்னா, நீங்களும் எதுக்குங்கத்தை கை தூக்குனீங்க?"

போனில் இதைச் சொன்னதும் கமலாத்தாளின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம் என்னாச்சு என்று கேட்டேன். அதை நீங்களே எழுதிக்குங்ணா என்று சொல்லி வைத்துவிட்டார்.

4

எழுதிப் பார்த்தேன். ஒரு முடிவில் பஸ் வந்தது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் சின்னையன் டார்ச்சோடு வந்து, மகளின் புத்தகப் பையை வாங்கிக்கொண்டு, படித்தது போதும் என்று...

(எழுத மனசு வரவில்லை. கஷ்டமாக இருக்கிறது.)

மூன்றாவதில் கமலாத்தாள் ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, பிள்ளைகளோடு நின்றுகொண்டு பஸ் முதலாளிக்குப் போன் போட்டார். பஸ் நேரம் மாறுகிற வரைக்கும் தினமும் வந்து நின்றார். இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவரையே கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்குதுங்ணா. ஆனா இதைப் போட்டீங்கன்னா, நான் நெசமாலுமே போய் நிக்கோணுமே."

ஆகவே போடவில்லை. கிழிக்கவும் இல்லை. இன்றைக்கும் ஸ்பெஷல் கிளாஸ் உண்டு, பிள்ளைகள் வெளியே வருகிற நேரம் ஆகிவிட்டது. அவர்களுக்கு ஓட்டு வர இன்னும் வருஷம் கிடக்கிறது. உங்களுக்கு வந்துவிட்டது. மூன்றில் எது என்று நீங்கள் சொல்லுங்கள்.