எனக்கு எழுதாத பயம்

கடல் கடந்து போர் விமானம் ஓட்டப் போயிருந்த என் கணவர் ஒவ்வொரு தடவையும் இரண்டு கடிதங்கள் எழுதுவார். ஒன்று எனக்கு, ஒன்று அவருடைய அம்மாவுக்கு. இரண்டும் சேர்ந்தே வரும். அத்தை தன்னுடையதைச் சமையலறையில் நின்றபடி படிப்பார். நான் மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பேன். உனக்கு என்ன எழுதியிருக்கிறான் என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

என் கடிதங்களில் அவர் ராஜா. மேகத்துக்கு மேலே ஊஞ்சல் ஆடுவதுபோல் இருக்கிறதாம். இவரைக் கண்டாலே எதிரி ஓடுகிறானாம். நானும் சளைத்தவளில்லை. கூரை ஒழுகவில்லை, நன்றாகத் தூங்குகிறேன், ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன் என்று பதில் போடுவேன். மூன்றும் பொய்.

கடிதங்களைப் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டி அனுப்பும் தணிக்கை அலுவலகத்தில் அன்று யாருக்கோ தூக்கக் கலக்கம் போலிருக்கிறது. என் பெயரிட்ட உறைக்குள் இருந்த தாள் "அம்மா" என்று தொடங்கியது. மடித்து வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

"ஒவ்வொரு தடவையும் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு வாளியில வாந்தி எடுக்கிறேம்மா. கூட இருக்கிறவங்க எனக்கு வாளின்னு பேர் வெச்சுட்டாங்க. பாராசூட் மாட்டும்போது தையலைத் தடவிப் பார்ப்பேன். அவ தெச்சதா இருக்கும்னு நெனச்சா வயிறு கொஞ்சம் அடங்குது. அவகிட்ட சொல்லிடாதே."

பாராசூட் தொழிற்சாலையில் தைப்பவள் நான். அந்த வரி இனிக்கத்தான் செய்தது. ஆனால் முதலில் பொங்கி வந்தது பொறாமை. ஊஞ்சல் எனக்கு, வாந்தி அம்மாவுக்கா? பத்து மாதமாக நான் ஒரு விளம்பரப் படத்தோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்!

கீழே போனேன். அத்தை என் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எதிரி ஓடுறானாமே! பல்லியைப் பாத்தா நாற்காலி மேல ஏறுற பய!"

"அத்தை, அது என் கடிதம்."

"அப்ப உன் கையில இருக்கிறது என்னுது. படிச்சிட்டியா?"

"வாளியாம்."

சிரிப்பு நின்றது. "உனக்குச் சொல்லக் கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டான்."

"நான் தாங்க மாட்டேனா?"

"தாங்குவே. அது அவனுக்கு எப்படித் தெரியும்? மாடியில ராவெல்லாம் நடக்கிறியே, அதை என்னைக்காவது எழுதினியா?"

கையிலிருந்த கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டு மாடியேறினேன்.

அன்றைக்கே எழுதினேன். 'கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு வாளி வைத்திருக்கிறேன். தூக்கம் வருவதில்லை, ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. உங்களுக்கும் ஒரு வாளி இருப்பது தெரியும். இனி ஊஞ்சல் வேண்டாம்.'

தபாலில் போட்ட பிறகுதான் பயம் வந்தது. அந்தப் பொய்களைப் பிடித்துக்கொண்டுதான் அவர் பறக்கிறாரோ? அதை நான் பிடுங்கிவிட்டேனோ? ஐந்து வாரம் இதே யோசனை. தொழிற்சாலையில் ஒவ்வொரு தையலையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

பிறகு உறை வந்தது. மாடிவரை போகப் பொறுமையில்லை, படிக்கட்டிலேயே பிரித்தேன்.

"இன்னிக்கு ரெண்டு தடவை வாந்தி. ரெண்டாவது, இறங்கினப்புறம், உன் கடிதத்தைப் படிச்ச சந்தோஷத்துல. உன்கிட்ட சொல்லலாம்னு தெரிஞ்சிருந்தா பத்து மாசம் ஊஞ்சலுக்கு வார்த்தை தேடியிருக்க மாட்டேன். கூரைக்கு என் வாளியும் வேணுமா?"

"அத்தை! ரெண்டு தடவை வாந்தியாம்!" என்று கூவிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

"அப்ப நல்லாத்தான் இருக்கான்," என்றார் அத்தை, தன் கடிதத்தை என்னிடம் நீட்டியபடி.